முடிவெடுக்கும் முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும், நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். பணிக்காலம் முழுவதும் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைதான். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் உள்ள ஊர்கள். எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நர்சம்மா என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். நம் நான்கு மாவட்டங்களிலும் மருத்துவமனை எங்கே வரவேண்டும், எந்த நேரத்தில் எது திறந்திருக்க வேண்டும், 108 வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் முன்னால், அங்கே வரப்போகிற மக்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று திரும்பி வந்து சொல்லுங்கள்.

இந்தத் துறையின் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அதன் அருமை எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் 1959-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்குள் அடுத்த அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் திருவாரூரில் வந்தது, 2022-இல் நாகப்பட்டினத்துக்கும் வந்துவிட்டது. 2008-இல் 108 ஓடத் தொடங்கியபோது, வலி எடுத்த பெண்ணை டிராக்டர் டிப்பரில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டு போன காலம் எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வந்தது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை. இவ்வளவு கட்டடமும் வண்டியும் ஆட்களும் இருந்தும், தேவைப்படுகிற நேரத்தில் தேவைப்படுகிற ஆளுக்கு அது எட்டாமல் போகிறதே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

மக்களைக் கேட்பதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்பாடு இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் சுகாதாரப் பேரவை என்று ஒன்று வந்தது. வட்டாரத்தில் மக்கள் கூடித் தேவைகளைச் சொல்ல வேண்டும், அது மாவட்டப் பேரவைக்குப் போக வேண்டும், அங்கிருந்து மாநிலத்துக்குப் போக வேண்டும். நல்ல யோசனை. தாய்லாந்தில் 2007-இல் இதற்கென்று சட்டமே போட்டு, 2008 முதல் தேசிய அளவில் பேரவை நடத்துகிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று கிடைத்ததே என்று நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

அப்படி ஒரு வட்டாரக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், எல்லா ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. கல்யாண மண்டபம். வாசலில் கண்காட்சி மேசை, கீரை வகைகள், சத்துமாவு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மேடையில் பெரிய பேனர். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை. கூட்டத்தில் பாதிப் பேர் துறை ஊழியர்கள், மீதிப் பாதி அன்றைக்கு வரச்சொல்லிக் கூட்டி வரப்பட்ட சுயஉதவிக் குழுப் பெண்கள். மைக் மக்கள் பக்கம் வந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. பின்னால் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது ஒரு பாட்டி எழுந்தார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர். "காலைல பஸ்ல போனா மாத்திரை வாங்கிடுறேன் சார். திரும்ப எங்க ஊருக்குப் பஸ் சாயங்காலம்தான். அதுவரைக்கும் சாப்பாடு இல்லாம அந்தப் புளியமரத்தடியில உக்காந்திருக்கேன். போன தடவை மயக்கமே வந்துடுச்சு. ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். "மனுவா எழுதிக் குடுங்கம்மா, பார்க்கிறோம்" என்றார். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பக்கத்தில் இருந்த பையன் ஒரு தாளில் எழுதி, அவர் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கும் அந்தப் பாட்டி வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். முந்தின தாள் எங்கே போனது என்று மண்டபத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஐயா, அம்மா, அந்தப் பாட்டி கேட்டது புது ஆஸ்பத்திரி இல்லை, புது டாக்டர் இல்லை. ஒரு பேருந்து நேரத்துக்கும் ஒரு மாத்திரைச் சீட்டுக்கும் உள்ள பொருத்தம். உங்களுக்கு எந்த அறிக்கையிலும் அது வராது. அந்த நிலையத்தில் அந்த மாதம் இத்தனை பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தோம் என்ற எண்ணிக்கையில் அந்தப் பாட்டியும் ஒருவர், அவ்வளவுதான். கணக்கு சரியாக இருக்கும். அவர் மயங்கி விழுந்தது அதில் இருக்காது.

வேலை நேரமும் இதே மாதிரிதான். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல், அதற்குப் பின்னால் சம்பா, தாளடி. நடவு, களை எடுப்பு என்றால் பெண்கள் விடியற்காலை கிளம்பி மதியத்துக்கு மேல் கரையேறுவார்கள். புறநோயாளிக்குச் சீட்டு கொடுக்கும் நேரமோ காலை. நடவு நாளில் ஒரு கூலியை இழந்துவிட்டு எந்தப் பெண் வெள்ளைப்படுதலுக்கும் இடுப்பு வலிக்கும் டாக்டரைப் பார்க்க வருவாள்? வரமாட்டாள். சேற்றுப் புண்ணுக்கு மஞ்சளைத் தடவிக்கொண்டு நடவுக்குப் போவாள். காய்ச்சல் என்றால் கடையில் ஒரு மாத்திரை. அது எலிக்காய்ச்சலா என்று பார்ப்பதற்குள் கண் மஞ்சளாகிவிடும். நடவுக் காலத்தில் மட்டும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் புறநோயாளிப் பிரிவு நடத்தினால் என்ன என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் வயலில் இருக்கிறார்கள். பேரவைக் கூட்டமும் காலையில்தான் நடக்கிறது.

இப்போது மேற்கு வங்கத்திலிருந்தெல்லாம் நடவுக்கு ஆட்கள் வருகிறார்கள். வயலில் இருக்கும் போர்செட் மோட்டார் கொட்டகையில் தங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்களுக்கு இங்கே குடும்ப அட்டை இல்லை, எந்தத் துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களும் நம் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், நம் வரப்பில்தான் நடக்கிறார்கள்.

வரப்பு என்றதும் பாம்பு. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, நல்ல முடிவு. விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. அது கையிருப்பில் இருப்பது மட்டும் போதாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரிதாக வலி இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், அப்புறம் கண் இமை சொருகும், மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் மருந்தோடு செயற்கை சுவாசக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் 50 கிலோமீட்டருக்கு மேல். கோடியக்கரையிலிருந்து என்றால் இன்னும் தூரம்.

சரி, 108-க்குப் போன் போட்டாகிவிட்டது. "லேண்ட்மார்க் சொல்லுங்க" என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் சட்ரஸ் பெயரைச் சொல்வார்கள், மதகைச் சொல்வார்கள், வாய்க்கால் தலைப்பைச் சொல்வார்கள். எங்களுக்கு அடையாளம் அதுதான். சென்னையில் போனை எடுத்த பிள்ளைக்கு அது புரியாது. அது அந்தப் பிள்ளையின் குற்றமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றங்கரைச் சாலை சேறாகிவிட்டால் வண்டி உள்ளே வராது. கடிபட்டவரை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து, பின்னால் இருப்பவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, மெயின்ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். எந்தக் கரை எந்த மாதத்தில் சேறாகும், எந்தப் பாலத்தில் வண்டி திரும்பும், எந்த முக்கில் 108 நின்றால் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சீக்கிரம் வரும் என்பது ஒவ்வொரு ஊரிலும் பால்காரருக்கும் நெல் லாரி ஓட்டுநருக்கும் தெரியும். ஒரு நாள் உட்கார்ந்து அவர்களிடம் கேட்டால் வரைபடம் கிடைத்துவிடும். அதற்குச் செலவு டீயும் வடையும்தான்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. தலையை எண்ணுகிற கணக்கு அது. ஆற்றை எண்ணுவதில்லை. முள்ளியாறு, அடப்பாறு, கோரையாறு, அரிச்சந்திரா நதி என்று எங்கள் பகுதியை ஆறுகள் கீறிப் போட்டிருக்கின்றன. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்துக்குப் போகப் பாலம் சுற்றிக்கொண்டு நாலைந்து மடங்கு தூரம் போக வேண்டியிருக்கிறது. கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் மாதிரி ஊர்கள் மேட்டூர் உபரி நீர் வந்தாலே மூழ்குகின்றன. அந்த மக்கள் முகாமுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய இன்சுலினும் காசநோய் மாத்திரையும் தாய்சேய் அட்டையும் எங்கே போகின்றன? சீர்காழியில் 2022 நவம்பரில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது இனி வராது என்று நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. கஜாவுக்கு மறுநாள் காலை எங்கள் ஊரில் போன் இல்லை, கரண்ட் இல்லை, சாலை முழுக்க மரம். அன்றைக்கு உதவியது என் கையில் இருந்த நோட்டுதான். நிறைமாதக்காரர்கள் யார், எந்தத் தெரு, எந்தத் தேதி என்று எழுதி வைத்திருந்தேன். ஊர்ப் பையன்கள் அரிவாளோடு மரம் வெட்டிக்கொண்டே முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். வாரக்கணக்கில் கரண்ட் வராத வீடுகளில் இன்சுலின் குப்பியை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். அப்போது என்னவெல்லாம் இல்லாமல் தவித்தோம், எது யார் கையில் இருந்து உதவியது என்று அந்த மக்களை உட்கார வைத்து ஒருவரும் இன்றுவரை கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த புயலுக்கான மருத்துவத் திட்டம் எங்கள் ஊர்களுக்குப் பொருந்த வேண்டுமென்றால் அந்த நினைவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாவட்ட எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். உங்கள் திட்டமெல்லாம் மாவட்டவாரியாகப் போடப்படுகிறது. ஆனால் எங்கள் பெண்கள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள். நாகை மாவட்டத்தில் பதிவு செய்து ஊசி போட்டுக்கொண்டவள் மயிலாடுதுறை மாவட்டத்தில் பிள்ளை பெறுவாள். ரத்தசோகை எவ்வளவு, முதல் பிரசவம் ஆபரேஷனா என்பதெல்லாம் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கொடுக்கும் பிக்மி எண்ணில் இருக்கிறது என்பீர்கள். எண் இருக்கிறது. அந்த ராத்திரியில் அவளைத் தெரிந்த மனுஷி அங்கே இல்லை. கொள்ளிடம் பக்கத்து மக்கள் சிதம்பரத்துக்குப் போகிறார்கள். தரங்கம்பாடி பக்கம், திருமருகல் பக்கம் உள்ளவர்கள் காரைக்காலுக்குப் போகிறார்கள், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வயிற்றுவலிக்காரருக்கு மாநில எல்லை தெரியாது. நான்கு மாவட்டமும் கடலூரும் காரைக்காலும் சேர்ந்து உட்கார்ந்து, நம் மக்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்று ஒரு முறையாவது பாருங்கள்.

நாகையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மருத்துவக் கல்லூரிக்குப் பெரிய இடம் வேண்டும், நகரத்துக்குள் அவ்வளவு நிலம் கிடைக்காது, அதனால் நகரத்துக்கு வெளியே ஒரத்தூருக்குப் போனது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் இருக்கும் பெரியாஸ்பத்திரியின் சேவைகளும் அங்கே போகின்றன என்ற பேச்சு வந்தபோது நாகை மக்கள் கொதித்துப் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் குடும்பங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். எந்தப் பிரிவு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், ராத்திரி பிரசவ வலி வந்தால் எங்கே போவது, ஒரத்தூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கூட இருக்க வருகிறவர் எங்கே படுப்பார் என்ற கேள்விகளையெல்லாம் இடம் தேர்வு செய்த நாளிலேயே மக்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது. மக்கள் வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் பேச வேண்டாம். கல்லூரி வேண்டும் என்று கேட்டவர்களும் அதே மக்கள்தான்.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற குரல் ஓயாமல் கேட்கிறது. அது நியாயமான குரல், வர வேண்டும். நிலம் பார்க்கப் போகும்போது வருவாய்த்துறையின் புறம்போக்குப் பட்டியலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சீர்காழியிலிருந்தும் குத்தாலத்திலிருந்தும் பூம்புகாரிலிருந்தும் பத்துப் பத்துப் பேரைக் கூட்டி, இந்த இடத்துக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே கட்டடம் என்பது நம் பழைய பழக்கம். முன்னாளில் யார் நிலம் கொடுத்தாரோ அவர் தெருப்பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. குடியானத் தெருவைத் தாண்டி அங்கே வரக் கூச்சப்பட்ட காலனிப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நின்றதைச் சொல்லக்கூட நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்வரை காத்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கல் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையில் வருகிறது. தாலுகா ஆஸ்பத்திரி ஊரக நலப்பணிகளில். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வித் துறையில். ஒரு கர்ப்பிணி எங்கள் நிலையத்தில் தொடங்கி, தாலுகா ஆஸ்பத்திரி போய், அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டால், ஒரே நாளில் மூன்று இயக்குநரகங்களைக் கடக்கிறாள். வழியில் எங்கே தாமதமானது என்று கூட்டத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் அது எங்கள் பிரிவு இல்லை என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. அவளுக்கு மட்டும் அது ஒரே பயணம். இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதியிருப்பது அதனால்தான்.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். வெளியே எங்கும் தேட வேண்டாம், உங்கள் ஆட்சியர் அலுவலகத்திலேயே வழி இருக்கிறது. மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆட்சியர் நடுவில் உட்காருகிறார். வேளாண்மை இணை இயக்குநர், நீர்வளத்துறைச் செயற்பொறியாளர், கூட்டுறவு, மின்வாரியம் எல்லோரும் சுற்றி உட்காருகிறார்கள். எந்த வாய்க்கால் தூர்வாரவில்லை, எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் கேட்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். போன மாதம் கொடுத்த மனுவுக்கு என்ன பதில் என்று விடாமல் கேட்கிறார்கள், அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்கிறார். எல்லாம் தீர்ந்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் டெல்டா விவசாயியை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது என்ற நிலை அந்தக் கூட்டத்தால் வந்ததும்கூட. நெல்லுக்கு இருக்கிற அந்த நாற்காலி நோயாளிக்கு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆட்சியர் தலைமையில், மூன்று துறைகளும், 108-ம், போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் உட்காருகிற கூட்டம். முதல் வேலையாக, போன கூட்டத்தில் கேட்டவற்றுக்கான பதிலை வாசியுங்கள். முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். எங்களுக்கு அதுவே பெரிய மரியாதை.

பஸ் டிப்போ மேலாளரை விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பாதி மருத்துவப் பிரச்சினை பஸ் பிரச்சினைதான்.

யாரைக் கூப்பிடுவது என்பதுதான் முக்கியம். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது கிராம சுகாதாரக் குழு வந்தது, ஆண்டுக்கு 10,000 ரூபாய் வந்தது. ஊராட்சித் தலைவரும் நானும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு எடுப்போம். பிளீச்சிங் பவுடர், பினாயில், சில வருடம் எடைபார்க்கும் கருவி. குழு உறுப்பினர்கள் யார் என்று ஊரில் கேட்டால் குழுவில் இருந்தவர்களுக்கே தெரியாது. அந்தத் தலைவர்களும் இப்போது இல்லை. நம் நான்கு மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகள் என்று அரசியல் சாசனத்தின் 11-ஆவது அட்டவணை சொல்கிறது. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையத்தையே ஊராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கேட்க வேண்டிய ஆட்களையாவது சரியாகக் கேட்கலாம்.

நடவுக்குப் போகிற பெண், கடலுக்குப் போகிறவரின் மனைவி, டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் பயணம் போகிறவர், காலனித் தெருவிலிருந்து ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வாய் பேச முடியாத பிள்ளையை வளர்க்கிற தாய். கூட்டம் நிரப்ப அல்ல, பேச வைக்க. அவர்களில் பலர் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசமாட்டார்கள். அதனால் மண்டபத்துக்கு வரச்சொல்லாதீர்கள், நீங்கள் தெருவுக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலிலோ, மீனவர் ஊரில் ஏலக்கூடத்திலோ உட்காருங்கள். கிராம சுகாதார செவிலியரையும், வீடு வீடாக மாத்திரை கொடுக்கிற பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாயைத் திறந்தால் மேலதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் போக்க வேண்டும். சொல்லும் குறைக்காக மெமோ வராது என்று எழுத்தில் கொடுங்கள்.

1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, தங்கள் மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று எழுதி வைத்தன. நாங்கள் கடமையைச் செய்யத் தயாராக இருக்கிறோம். அடுத்த மாவட்டச் சுகாதாரப் பேரவை எப்போது என்று தேதி குறிக்கும் முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். இதுவரை நடந்த வட்டாரக் கூட்டங்களில் வந்த மனுக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் மாவட்டத்தில் எந்தக் கட்டடம் வருகிறது, எந்தப் பிரிவு இடம் மாறுகிறது, எந்த ஊருக்கு வண்டி ஒதுக்குகிறீர்கள் என்ற வரைவைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் படித்துச் சொல்கிறோம். தெருத் தெருவாகக் கேட்டு எழுதித் தரவும் என்னைப்போல ஓய்வுபெற்ற நர்சம்மாக்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். சம்பளம் வேண்டாம்.

அந்தப் பாட்டி கேட்டபடி மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க முடியுமா, முடியாதா என்ற பதிலை மட்டும் அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டாரம்